இங்கிலீஷ் சென்னியப்பன் சொன்ன அர்த்தம்

செய்தி வந்தபோது நான் புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு பெரிய விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒடிசாவில் நாங்கள் போட்ட போர்வெல் ஒன்றில் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்து, பக்கத்து ஆலமரத்துக் குரங்குகள் எல்லாம் நனைந்துபோன சம்பவம் அது. குரங்குகள் இருபது என்று சொல்லிவிட்டு, கேட்பவர்கள் முகத்தைப் பார்த்து, முப்பதாக்கலாமா என்று யோசித்த நேரத்தில் போன் அடித்தது. திருச்செங்கோட்டிலிருந்து கலைவாணி, சென்னியப்பன் அவர்களின் ஒரே மகள்.

“மாமா, அப்பா தவறிட்டாருங்க.”

“எந்த அப்பா?” என்று கேட்டேன்.

இப்படி ஒரு கேள்வியை எந்த மனிதனாவது கேட்பானா? நான் கேட்டேன். “எங்கப்பாதானுங்க மாமா” என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். “குரங்கு என்னாச்சுங்க?” என்று யாரோ கேட்டார்கள். எந்தக் குரங்கு என்று எனக்கு விளங்கவில்லை.

நேரே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நாமக்கல் போய் இறங்கி, திருச்செங்கோடு பஸ் ஏறாமல், ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் வீட்டு முக்கில் ஃபிளெக்ஸ் எழும்பிய பிறகுதான் ஊர் அதை நம்பும். அதை முதலில் வைப்பவன்தான் நெருங்கியவன் என்று ஒரு கணக்கும் உண்டு. அந்த இடத்தை வேறு எவனுக்கும் விட எனக்கு மனமில்லை. மேலே அவருடைய பெரிய படம். கீழே எங்கள் பழைய ரிக் வண்டி ஆட்கள் பத்துப் பேர் கைகூப்பியபடி. அவர்களுக்கு நடுவில், ஒரு சுற்றுப் பெரிதாக, என் மகன் கல்யாணத்தில் எடுத்த என் படம். இரண்டுக்கும் இடையில், நீல எழுத்தில், அவர் வாயிலிருந்தே நான் கற்றுக்கொண்ட நட்பைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பழமொழி. எழுத்துக்கூட்டி நானே சொன்னேன். கடைக்காரர் அசந்துபோய், “அண்ணே, நீங்க இங்கிலீஷ் மீடியமுங்களா?” என்று கேட்டார். நான் ஏழாம் வகுப்பு. ஆனால் சென்னியப்பனோடு பதினெட்டு வருஷம் வண்டியில் இருந்தவன். அது ஒரு காலேஜுக்குச் சமம் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

அந்தப் பழமொழியை, அவர் நினைவாக வரப்போகும் இந்த மலரில் அச்சிட வேண்டாம் என்று கலைவாணி சொல்லிவிட்டாள். ஃபிளெக்ஸில் இருப்பதே போதுமாம். அதனால் எந்த வாசகத்தையும் இங்கே எழுதவில்லை. அர்த்தங்களை மட்டும் சொல்கிறேன். குழப்பமே அர்த்தத்தில்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னியப்பன் அவர்கள் ரிக் வண்டி மேனேஜர். ரிக் வண்டி என்பது பூமியில் துளை போடுகிற லாரி. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று எட்டு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்பும். துளை போடும் மிஷினை ஓட்டுகிறவன் டிரில்லர், அது நான். இந்தியாவில் என்னைப் போல் பாறையின் சத்தத்தைக் கேட்டே தண்ணீர் எத்தனை அடியில் என்று சொல்லும் டிரில்லர் இரண்டு பேர்தான், இன்னொருவர் இறந்துவிட்டார். போர் போடச் சொல்லும் பார்ட்டியிடம் பேசுவது, ஆட்களைப் பார்த்துக்கொள்வது, சமையலுக்கு வழி செய்வது எல்லாம் மேனேஜர் வேலை. எட்டு மாதம், ஒரே கூடாரம், பெண்டாட்டி பிள்ளை முகம் காணாத ஏழெட்டு ஆண்கள், எந்நேரமும் தூசியும் கம்ப்ரெஸர் சத்தமும். அடிதடி இல்லாமல் ஒரு மாதம் ஓட்டினாலே பெரிய மேனேஜர். எங்கள் வண்டியில் பதினெட்டு வருஷத்தில் ஒருவன்கூடப் பாதியில் ஓடிப்போனதில்லை. மற்ற வண்டிக்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். நான் சொல்வதில் இது ஒன்றையாவது நம்பலாம்.

அதற்குக் காரணம் ஒரு கிழிந்த புத்தகம். ஈரோட்டில் பழைய பேப்பர் கடையில் வாங்கினாராம். முன் அட்டையும் இல்லை, பின் அட்டையும் இல்லை. நடுவில் பதினாறு பக்கம் மட்டும். அந்தப் பதினாறு பக்கமும் நட்பைப் பற்றிய ஆங்கிலப் பழமொழிகள். ஆகையால் சென்னியப்பனுக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க முழுக்க சிநேகித ஆங்கிலம். கோபத்துக்கு ஒரு வாசகம் கிடையாது, சோம்பலுக்குக் கிடையாது, டயர் பஞ்சரானால் சொல்வதற்கு ஒன்றும் கிடையாது. எதற்கும் நட்புதான்.

தினம் காலையில் வண்டியின் கதவில் சாக்பீஸால் ஒரு பழமொழி எழுதுவார். டீத் தம்ளரோடு நாங்கள் வரிசையாக நிற்போம். முதலில் ஆங்கிலத்தில் படிப்பார். பிறகு அர்த்தம் சொல்வார். அர்த்தம் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு கலெக்டர் களை வந்துவிடும்.

ஒரு நாள் பழைய மதுவையும் பழைய நண்பனையும் ஒப்பிடுகிற பழமொழி வந்தது. எங்கள் ஆட்களில் இரண்டு பேர் குடிக்கிறவர்கள். மது என்ற சொல்லைக் கேட்டாலே அவர்கள் கால் தானாக ரோட்டுப் பக்கம் திரும்பும். சென்னியப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, மோர் என்று மாற்றிவிட்டார். பழைய மோரைப் போல் பழைய கூட்டாளியும் உயர்ந்தவன் என்றார்.

“பழைய மோரு புளிச்சுப்போயிருமேங்க மேனேஜரே?” என்றான் சமையல்காரன் ராசு.

“புளிச்சாலும் மோரு மோருதானப்பா. நீ புளிச்சிருக்கறீன்னு நானென்ன ஒன்ன எறக்கியா உட்டுட்டேன்?”

அன்று ராசு சிரித்த சிரிப்பில் சோறு அடிபிடித்துவிட்டது. மேனேஜர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

இன்னொன்று வேலியைப் பற்றியது. கூடாரத்தில் காற்று வருகிற இடத்துக்காக ஹெல்பர்கள் இரண்டு பேர் கட்டிப் புரண்ட மறுநாள் அதை எழுதினார். வேலியில் முளைத்த செடியே இரண்டு பக்கமும் பூக்கிறது, பக்கத்துப் பக்கத்தில் படுக்கிற நீங்கள் பூக்க மாட்டீர்களா என்று அர்த்தம் சொன்னார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஒருவன் மற்றவனைக் காற்று வரும் பக்கம் படுக்கச் சொன்னான். அவன் வேண்டாம் என்றான். இந்தச் சண்டை இன்னும் மூன்று நாள் நடந்தது.

எல்லாரோடும் சிநேகமாக இருப்பவனைப் பற்றி ஒன்று உண்டு. “மாப்ள, இது அப்படியே நீதான். ஒனக்குப் பகையாளியே கெடையாது” என்று என் தோளில் தட்டினார். எனக்கு அது பிடித்துப்போய், புதுச்சத்திரத்தில் வீடு கட்டியபோது காம்பவுண்டுச் சுவரில் பெயின்டரை வைத்து ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்கள் காரை நிறுத்திப் படித்துவிட்டுப் போவார்கள். சிரித்துக்கொண்டுதான் போவார்கள். மகிழ்ச்சியில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இனி என் காலுக்கு வருகிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் போர் போடுகிற ஒரு பாயின்ட். நானூறு அடி தாண்டி இறங்கியிருந்தோம். மேலே தூக்கிய ராடு, அதாவது துளை போடும் இரும்புக் குழாய், சங்கிலி அறுந்து சரிந்தது. அடியில் நின்ற ராசுவைத் தள்ளிவிட்டு நான் அதைத் தோளில் தாங்கினேன். ராசு கதையை வேறு மாதிரிச் சொல்வான். நான் தடுக்கி விழுந்தேன் என்பான். எப்படியானாலும் ராடு ராடுதான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு ரயிலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் நான் கிடந்த கோலத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். குழந்தை தங்கவில்லை. அவள் அங்கே, நான் இங்கே. முதல் வாரம் கூட்டமாக வந்தார்கள். குழந்தை செய்தி வந்த பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். என்ன பேசுவது என்று தெரிந்திருக்காது. ஊரையே சிரிக்க வைக்கிற இந்தப் பொங்கியண்ணனே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் எவன் வருவான்?

வண்டி அந்தச் சமயம் சர்வீஸுக்கு ஊர் திரும்புகிறது. எட்டு மாதம் கழித்து. அவரவர் வீட்டில் எண்ணெய் காய வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு என் வீட்டு வாசலில் ரிக் வண்டி வந்து நிற்கிறது. சென்னியப்பன் இறங்குகிறார், தோளில் பையோடு. பின்னால் ஆறு பேர், ஆளுக்கொரு பை. ராசு தலையில் அண்டா.

“என்னங்க மேனேஜரே இது?”

“நவுந்து படு மாப்ள. எடம் வேணுமல்லோ.”

பதினொரு நாள் தங்கினார்கள். வீதியில் ரிக் நிற்பதைப் பார்த்துவிட்டு, நான் போர் போடுகிறேன் என்று நினைத்து மூன்று பார்ட்டிகள் விலை கேட்டு வந்தார்கள். நான்காம் நாள் சென்னியப்பனின் மனைவி பாவாயி அம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், முகம் சிவக்க.

“எட்டு மாசங் கழிச்சு வந்த மனுசன் சொந்த ஊட்டுக்கு வராம இங்க வந்து ஒக்காந்துக்கிட்டிருக்கறீங்களே, இது எந்த ஊரு நாயமுங்க?”

“இங்கிலீஷ் நாயம் பாவாயி” என்றார் இவர்.

பாவாயி அம்மாள் என்னைப் பார்த்தார்கள். என் மாவுக்கட்டைப் பார்த்தார்கள். அதில் சென்னியப்பன் அன்று காலையில்தான் பேனாவால் ஒரு பழமொழியை எழுதியிருந்தார். மறுபேச்சுப் பேசாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள். “நகரப்பா” என்று ராசுவை விரட்டுகிற சத்தம் கேட்டது. நான் சிரித்தேன். இருபத்து மூன்று நாளில் முதல் சிரிப்பு.

மாவுக்கட்டில் எழுதிய பழமொழிக்கு அவர் சொன்ன அர்த்தம் இது: ஒரு வீட்டில் கலகலப்புத் தீர்ந்துபோனால், கூட்டாளிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். நாற்பது நாள் அது என் காலில் இருந்தது. தினம் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். கட்டைப் பிரித்தபோது டாக்டரிடம் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு வருஷங்கள் போயின. நான் வண்டியை விட்டு இறங்கி ஊரோடு தங்கினேன். அவரும் ஓய்வு பெற்றார். கலைவாணி இன்ஜினியரிங் காலேஜில் லெக்சரர் ஆனாள். மாதம் ஒரு முறை நான் திருச்செங்கோடு போவேன். நான் கதை அளப்பேன், அவர் சிரிப்பார், பாவாயி அம்மாள் “போதுமுங்கண்ணா, கூரை பிச்சுக்கும்” என்பார்கள்.

போன வருஷம் பாவாயி அம்மாள் இறந்துபோனார்கள். காரியத்துக்கெல்லாம் முன்னால் நின்றேன். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒடிசா குரங்குக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. குரங்கை ஐம்பதாக்கினேன். சிரிக்கவில்லை. மூன்றாவதாக ஒரு கதை சொன்னேன். அதில் நான் புலியைக் கம்ப்ரெஸர் காற்றால் விரட்டுவேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இரு மாப்ள, போலாம்” என்றார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன். பஸ் அரை மணிக்கு ஒன்று இருக்கிறது.

அதன்பிறகு ஒன்பது மாதம் நான் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு நிறைய வைத்திருந்தேன்: காசி யாத்திரை, கோயில் கும்பாபிஷேகக் கமிட்டி, முழங்கால். உண்மை என்னவென்றால், சிரிக்காத சென்னியப்பனை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு அவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. மாவுக்கட்டுப் பழமொழி மட்டும், தனியாக. எனக்கு ஒரே பெருமை. டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினேன். “எங்க மேனேஜரு எனக்கு இங்கிலீஷ்ல அனுப்பியிருக்காரு பாருங்க!” ஒரு ரோஜாப் பூப் படம் அனுப்பினேன். “வாரேன் மேனேஜரே, அடுத்த வாரம் கண்டிப்பா வாரேன்” என்று குரலிலும் பேசி அனுப்பினேன். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் எதுவும் இல்லை. மழைகூட இல்லை.

இறந்த அன்று மாலை ஃபிளெக்ஸை அவர் வீட்டு முக்கில் கட்டி நிமிர்ந்தேன். கலைவாணியோடு வேலை பார்க்கிற லெக்சரர்கள் நான்கைந்து பேர் அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பிரமிப்பு என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கலைவாணி வெளியே வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“மாமா, இத ஆருங்க போடச் சொன்னது?”

“ஆரு சொல்லோணும் அம்முணி? நானேதான். எப்படி இருக்குது?”

“இதோட அர்த்தம் தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

“என்ற கால்ல நாப்பது நாள் இருந்த வாசகம். எனக்கா தெரியாது?” அர்த்தத்தைச் சொன்னேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “இல்லீங்க மாமா. அப்படியே தலகீழு. கலகலப்பு இருக்கற வரைக்குந்தான் கூட்டாளிங்க இருப்பாங்க, தீந்துபோச்சுன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு ஓடிருவாங்கன்னு ஏசற பழமொழி இது. சாவு ஊட்டு வாசல்ல இதக் கட்டி வெச்சா எங்கப்பாவப் பத்தி என்னன்னு நெனைப்பாங்க? காரியத்துக்குள்ள எடுத்துப்போடுங்க.”

“ஒங்கப்பன் வாயால கேட்டது அம்முணி. அவரு தப்பாச் சொல்வாரா?”

“எடுத்துப்போடுங்க மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று நான் சாவுக்கு அழுதேனா, அவமானத்துக்கு அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஊர் திரும்பி, மொபைல் கடைக்காரரிடம் கேட்டேன். கலைவாணி சொன்னதையே சொன்னார். காலேஜ் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன்; அதுவே. அவளை அழைத்துப்போய் என் காம்பவுண்டுச் சுவரையும் காட்டினேன். அவள் தயங்கித் தயங்கி, “தாத்தா, எல்லாருகிட்டயும் சிநேகமா இருக்கறவன் ஒருத்தருக்கும் ஒதவ மாட்டான்னு குத்திக் காட்டறதுங்க இது” என்றாள். பன்னிரண்டு வருஷம் நான் இதை விளக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

வேலி? வேலியும் நட்புக்கு நடுவில் கொஞ்சம் தூரம் வேண்டும் என்பதாம். மோர் ஒன்றுதான் கிட்டத்தட்டச் சரி. அதுவும் மோர் இல்லை. அப்படியானால் பதினெட்டு வருஷம் கதவில் எழுதியதெல்லாம் என்ன? இங்கிலீஷ் சென்னியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாதா? தெரியாமல் சொன்னார் என்றால், நான் மதித்த படிப்பு பொய். தெரிந்தே சொன்னார் என்றால், என் வாட்ஸப்பில் வந்தது வேறு. ஓடிப்போகிற கூட்டாளி என்று என்னைத்தான் சொல்லியிருக்கிறார். நான் அதற்கு ரோஜாப் பூ அனுப்பியிருக்கிறேன். இரண்டில் எது என்று தெரியாமல் நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் திருச்செங்கோடு போனேன். ஃபிளெக்ஸ் அப்படியே இருந்தது. கலைவாணி கூடத்தில் தனியாக உட்கார்ந்து அவருடைய டிரங்குப் பெட்டியைப் பிரித்துவைத்திருந்தாள்.

“அம்முணி, ஒண்ணு மட்டுஞ் சொல்லு. ஒங்கப்பனுக்கு அர்த்தந் தெரியுமா, தெரியாதா?”

அவள் பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். முதல் முறையாக நான் அதைக் கையில் பிடிக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் பாதியில் ஆங்கிலம். கீழ்ப் பாதியில் தமிழ் அர்த்தம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பாதியை எலியோ, கடலை மடிக்கிறவரோ, யாரோ பதினாறு பக்கத்துக்கும் ஒரே சீராகக் கொண்டுபோயிருந்தார்கள்.

“மொதல்ல தெரியாதுங்க மாமா. வாசகத்தப் பாத்து அவரா ஒரு அர்த்தங் கட்டியிருக்காரு. நான் ஒம்பதாவது படிக்கறப்ப அகராதிய வெச்சு எல்லாத்துக்கும் சரியான அர்த்தம் எழுதிக் காட்டுனேன். பூராத்தையும் படிச்சாரு. படிச்சுப்போட்டு, ‘ஏஞ் சாமி, எட்டு மாசம் காட்டுல கெடக்கற பயலுககிட்டப் போயி, கஷ்டம் வந்தா பக்கத்துல படுத்திருக்கறவன் ஓடிருவான்னு எப்படிச் சொல்றது? நானே சொல்லிப்போட்டு நானே எப்படி அங்க தூங்கறது?’ன்னாரு. அடுத்த மாசம் வண்டிக்குப் போயி மறுபடியும் பழைய அர்த்தத்தையே சொன்னாரு.”

ஆக, தெரியும். போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினேன். “இத எனக்கு அனுப்புனாரு. இது எந்த அர்த்தத்துல அம்முணி? ஒன்ற அர்த்தமா, அவரு அர்த்தமா? என்னையத் திட்டுனாரா?”

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். “எனக்குத் தெரியாதுங்க மாமா. மத்தவங்க ஆருக்கும் இத அனுப்பல. ராசண்ணன், மத்தவங்க எல்லாம் அப்பப்ப வந்துக்கிட்டிருந்தாங்க. ஒங்களுக்கு மட்டுந்தான் அனுப்பியிருக்காரு.” போனைத் திருப்பிக் கொடுத்து, “ஆனா அனுப்பிச்ச நாள்ல இருந்து நாற்காலியத் தூக்கி வாசலுக்கு எதுக்கத்தான் போடச் சொன்னாரு. பஸ் சத்தங் கேட்டா நிமிந்து பாப்பாரு. திட்டறவங்க வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாங்களா?” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்; வாசலுக்கு எதிரே அந்த நாற்காலி இன்னும் இருந்தது.

கூப்பிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கூப்பிட்டும் நான் போகவில்லை. அவர் சொன்ன அர்த்தம் அவரைப் பொறுத்தவரை உண்மை. என் வீட்டுக்கு ஏழு பையும் ஓர் அண்டாவுமாக வந்து அதை உண்மையாக்கினார். அகராதியில் இருக்கிற அர்த்தமும் உண்மை. அதை உண்மையாக்கியவன் நான். ஒரே வாசகம், நாங்கள் இரண்டு பேர். இப்படி யோசித்தபோது குழப்பம் கொஞ்சம் தெளிந்தது. தெளிந்தது நிம்மதியாக இல்லை.

“அம்முணி, அந்த வாசகம் ஒங்கப்பனச் சொல்லல. கீழ படத்துல இருக்கறவனச் சொல்லுது. அது இருக்கட்டும். படத்த மட்டும் மாத்திப்போடறேன்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, “வேண்டாமுங்க மாமா” என்றாள். நான் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன்.

நாமக்கல் ஃபிளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பத்துப் பேரையும் எடுத்துப்போட்டா நீங்க ஒருத்தருதானுங்கண்ணே இருப்பீங்க?”

“அதுதான் வேணும்.”

“பாக்கறவங்க, சாவுலகூட வெளம்பரந் தேடறான்னு சொல்லுவாங்க.”

“சொல்லட்டுமுங்க.”

“பேர் போடறதுங்களா?”

“பெருசாப் போடுங்க. ஊர்ப் பேரோட.”

கடைக்காரர் நினைத்தபடியே நடந்தது. புது ஃபிளெக்ஸ் எழும்பிய அன்றே ராசு போன் செய்து, “எங்க மூஞ்சியெல்லாம் எங்கடா போச்சு? மேனேஜரு ஒனக்கு மட்டுந்தான் சொந்தமா?” என்று கத்தினான். மற்றவர்களும் ஆளுக்கொரு விதமாகத் திட்டினார்கள். ஒருவருக்கும் நான் காரணம் சொல்லவில்லை. இந்த மலரைப் படிக்கும்போது பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும். ராசு, நீ போய்ப் போய் வந்தாய். அந்த வாசகத்துக்குக் கீழே நிற்க உனக்குத் தகுதி இல்லை.

கலைவாணி வெளியே வந்து புது ஃபிளெக்ஸை ஒரு முறை முழுதாகப் படித்தாள். எடுக்கச் சொல்லவில்லை. “உள்ள வந்து ஒரு வாய் சாப்புடுங்க மாமா” என்றாள். சாப்பிட்டேன்.

இன்று காரியம். நாளைக்கு ஃபிளெக்ஸைக் கழற்றிவிடுவார்கள். காலையிலிருந்து அதன் அடியில்தான் நிற்கிறேன். மேலே சென்னியப்பன் அவர்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வடக்கே கிளம்பும் ரிக் வண்டிகள் முக்கில் திரும்பும்போது வேகத்தைக் குறைக்கின்றன. டிரைவர்கள் அவரைப் பார்த்து ஒரு கையைத் தூக்குகிறார்கள். காலேஜ் பஸ் ஒன்று சிக்னலில் நின்றது. ஜன்னலோரத்துப் பெண்கள் அந்த ஆங்கில வரியைப் படித்தார்கள், கீழே இருக்கிற ஒற்றை முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அடியில் நிற்கிற என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

போய் வாருங்கள் மேனேஜரே. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன்.